ஊசிக்கு நாற்பத்திரண்டு நாள்

காலையில் எழுந்து கெட்டிலை அடுப்பில் வைப்பதற்கு முன்னாலேயே தெல்மா பின்பக்கத்துச் சலவைக் கொட்டகைக்குப் போய்விடுவாள். கூண்டைத் திறந்து ஊசியைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பாள். சிவப்பாக இருந்தால் ஒரு நாள் கிடைத்தது என்று அர்த்தம். பிறகு உடம்பைத் திருப்பி வாலுக்குக் கீழே பார்ப்பாள். வீக்கம் அப்படியே இருக்கும். மார்ச் கடைசியில் கண்ட வீக்கம், பதினோரு நாளாகியும் வற்றவில்லை.

ஊசி ஒரு பெட்டை ஃபெரட். கீரிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வைத்துக்கொள்ளலாம். நீள உடம்பு, கட்டைக் கால், முகத்தில் திருடன் கட்டிய துணி மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. முயல் வளைக்குள் விட்டால் உள்ளே ஓடி முயலைக் கிளப்பும். கிளம்பின முயல் வளைவாயில் விரித்த சுருக்குவலையில் வந்து விழும். பெல்டேல் பள்ளத்தாக்கில் குளிர்காலம் முழுக்க தெல்மாவுக்கும் அவள் புருஷன் வில்ஃப் ஆல்டர்சனுக்கும் அதுதான் பிழைப்பு. கோடையில் வில்ஃப் பண்ணைகளுக்குக் கல்சுவர் கட்டப் போவான். தெல்மா சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து வலை பின்னுவாள்.

ஃபெரட் பெட்டைக்கு ஒரு பொல்லாத விதி உண்டு. சூட்டுக்கு வந்துவிட்டால் கடுவனோடு சேருகிற வரைக்கும் சூடு தணியாது. வாரக்கணக்கில் அப்படியே விட்டால் இரத்தம் சுண்டி, ஈறு வெளுத்து, ஒரு நாள் வைக்கோலில் சுருண்டபடியே கிடக்கும். இப்படி ஒரு சட்டத்தைப் போட்ட கடவுள் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று தெல்மா பலமுறை நினைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைச் சபையில் சொன்னதில்லை.

கடுவனுக்கா பஞ்சம்? பக்கத்து ஊரில் எவனிடம் கேட்டாலும் ஒரு வெள்ளைத் தடியனைக் கொடுப்பான். ஊசி பிழைத்துக்கொள்ளும். ஆனால் பிறக்கிற குட்டிகள் தடியனாகத்தான் பிறக்கும். தடியன்களால் மெட்காஃப் பண்ணைக்கு மேலே இருக்கிற பழைய சுண்ணாம்புக் குவாரியில் ஒரு வேலையும் ஆகாது. அங்கே வளை என்றால் மண் இல்லை, பாறை வெடிப்பு. பெரிய ஃபெரட் சிக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் உள்ளேயே முயலைக் கொன்று வயிறு முட்டத் தின்று அங்கேயே படுத்துவிடும். மண் என்றால் தோண்டி எடுக்கலாம். பாறையை யார் தோண்டுவது? அதற்கென்றே வில்ஃபின் அப்பா நாற்பது வருஷம் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த வம்சம்தான் ஆல்டர்சன் சின்னது. கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போடலாம். முயலைக் கொல்லாது, விரட்டும், திரும்பி வரும். ஆல்டர்சன் சின்னதை விற்பதில்லை, வேண்டியவனுக்குச் சும்மா கொடுப்பார்கள் என்பது அவர் வைத்த கட்டளை.

அந்த வம்சத்தில் வில்ஃப் வீட்டில் மிச்சமிருந்தது ஊசி ஒன்றுதான். பிப்ரவரியில் வந்த நோய் ஒன்பது நாளில் பதினொன்றை அள்ளிக்கொண்டு போனது. கண்ணில் பீளை, மூக்கில் சளி, பாதம் தடித்தது, போயிற்று. ஊசி தப்பியதற்குக் காரணம் அவளுடைய கெட்ட குணம். ஜனவரிக் கடைசியில் குவாரிக்குள் போனவள் வாழ்நாளில் முதல் தடவையாக உள்ளேயே படுத்துக்கொண்டாள். வில்ஃப் இரண்டு நாள் பனியில் காத்திருந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு வந்தான். பத்தொன்பது நாள் கழித்து மெட்காஃபின் கோழிக்கூண்டில் முட்டை குடித்துக்கொண்டிருந்தவளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதற்குள் வீட்டில் கூண்டுகளையெல்லாம் எரித்துச் சாம்பலாக்கியிருந்தார்கள். ஊசிக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. ஆறில் ஈத்து எடுக்காது. இந்த வசந்தம் விட்டால் வேறு வசந்தம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மெட்காஃப் வந்தான். தெல்மா ருபார்ப் தண்டைப் பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்குட்டி ஈனும் காலம் என்பதால் அவன் சட்டைக்கை முழங்கை வரை காய்ந்த இரத்தம். நாற்காலியில் உட்காராமல் கதவில் சாய்ந்து நின்றான்.

"குவாரி முயல் இந்த வருஷம் மேச்சலையே மொட்டையடிச்சிருச்சு வில்ஃப். அக்டோபர்ல வருவீங்களா மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லு."

"வருவோம்" என்றான் வில்ஃப்.

"எதைக் கொண்டு வருவே? உன் மீசையையா?"

"பெட்டை இருக்கு."

"ஒரு கிழவி இருக்கா. எனக்குத் தெரியாதா, என் கோழிக்கூண்டுலதானே குடியிருந்தா. இங்க பாரு, நான் குறை சொல்ல வரல. பொடி போட்டு விசவாயு அடிக்கிற ஆளுங்க வந்து கேட்டாங்க. ஒரு நாள்ல முடிச்சுருவோம்னாங்க. நான் சரின்னா, மேல இருக்கிற ஆறு பண்ணையும் சரின்னுரும். உனக்காகத்தான் இன்னும் வாயைத் திறக்காம இருக்கேன்."

"அக்டோபர்ல வருவோம்னு சொன்னேன்ல."

மெட்காஃப் தெல்மாவைப் பார்த்தான். தெல்மா ருபார்பைப் பார்த்தாள். அவன் போனபின் வில்ஃப் பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிற மாதிரி குனிந்தே இருந்தான்.

"உன் தம்பிகிட்ட இருக்கு" என்றாள் தெல்மா.

"எது?"

"எதுன்னு உனக்குத் தெரியும். பாதிரி."

பாதிரி என்பது கழுத்தில் வெள்ளைப் பட்டை விழுந்த கடுவன். அப்பா செத்தபோது அண்ணன் தம்பி இருவரும் ஃபெரட்டுகளைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கடைசி ஈத்து நார்மன் பங்குக்குப் போனது. நார்மன் பட்டணத்துக்காரர்களுக்கு அதில் சிலவற்றை விற்றான். சந்தைக் கண்காட்சியில், அத்தனை பேருக்கு முன்னால் வில்ஃப், "அப்பன் செத்த ஈரம் காயல, அவர் பேரை வித்துத் தின்னுட்டான்" என்று சொன்னான். நார்மன் முகம் வெளுத்து, "ஒரு நாள் பெட்டியைத் தூக்கிட்டு என் வாசலுக்கு வருவே. அன்னைக்குக் கதவு திறக்காது" என்றான். "வந்தா என் காலை வெட்டு" என்றான் வில்ஃப். மூன்று வருஷம் ஆகிறது. பள்ளத்தாக்கின் அந்தச் சரிவில் அவன் வீட்டுப் புகை, இந்தச் சரிவில் இவன் வீட்டுப் புகை. நடுவில் ஓடையும் சபைக் கட்டடமும்.

"நான் போகமாட்டேன்" என்றான் வில்ஃப்.

"உன்னை யாரு போகச் சொன்னா?"

"நீயும் போகக்கூடாது. நீ போய்க் கேட்டா நான் கேட்ட மாதிரிதான்."

"அப்ப அவ சாகட்டுமா?"

"வெள்ளைக் கடுவனைப் போட்டுச் சூட்டை இறக்கு. உசுராவது மிஞ்சும்."

"உசுரு மிஞ்சும். அக்டோபர்ல மெட்காஃபுக்கு உன் மீசையைக் கொண்டு போ."

அவன் எழுந்து மழைக்குள் போய்விட்டான். சுவர் கட்டுகிறவனுக்கு எப்போதும் வெளியே ஒரு கல் காத்திருக்கும். தெல்மாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கேட்கக்கூடாது என்றுதானே சொன்னான், கேட்காமல் செய்தால் என்ன என்று தோன்றியது. வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் ஊர் வழக்கம் இதுதான்: கடுவனைப் பெட்டை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, பெட்டையைத்தான் பெட்டியில் வைத்துக் கடுவன் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கடுவனின் சொந்தக்காரன் கையால்தான் கூண்டைத் திறப்பான். அடுத்தவன் கூண்டில் கை வைப்பது அடுத்தவன் சட்டைப்பையில் கை வைப்பதற்குச் சமம்.

ஞாயிற்றுக்கிழமை தெல்மா சபைக்குப் போடும் நீலத் தொப்பியை வைத்துக்கொண்டாள். மேல்கோட்டுக்குள் ஊசியின் பெட்டி.

"சபைக்கா?" என்றான் வில்ஃப், செய்தித்தாளை இறக்காமல்.

"பின்ன நடனத்துக்கா?"

நார்மனுக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. உலகத்தில் அவனுக்குக் கர்வம் தருவது இரண்டே இரண்டு: ஃபெரட்டும் அவனுடைய குரலும். சபையில் கனத்த குரலில் பாடுகிறவன் அவன் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருக்க மாட்டான். தெல்மா ஓடையைக் கல்மேல் தாண்டி, சபையைச் சுற்றிக்கொண்டு, ஆட்டுத்தடம் வழியாக ஏறினாள். மேய்ச்சலில் கூடு கட்டியிருந்த ஆள்காட்டிக் குருவிகள் கிளம்பித் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தித் தீர்த்தன. பெயரை வைத்தவன் சும்மா வைக்கவில்லை.

நார்மனின் கூண்டுகள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக இருந்தன. மூன்றாவதில் வெள்ளைக் கழுத்துப்பட்டையோடு ஒரு கடுவன் மூக்கை நீட்டியது. சின்ன உடம்பு, கறுத்த முகம், மாமனாரின் கையில் பார்த்த அதே முகம். வலது காது நுனியில் ஒரு சிறு வெட்டு இருந்தது. சண்டைக்காரன்போல, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள். கொக்கியைத் திறந்து ஊசியை உள்ளே விட்டாள்.

ஃபெரட்டுகள் சேருவதைக் கல்யாணம் என்று சொல்ல முடியாது, ஆள்கடத்தல் என்றால் பொருந்தும். கடுவன் ஊசியின் பிடரியைக் கவ்வித் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. ஊசி கத்தினாள். தெல்மா கூண்டின் பின்னால் ஈரக் காஞ்சொறிச் செடிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்துகொண்டாள். கணுக்காலெல்லாம் காந்தியது. தூறல் தொப்பியின் விளிம்பிலிருந்து சொட்டியது. கீழே சபையிலிருந்து பாட்டு வந்தது, அடியில் நார்மனின் குரல் இரும்பு உருட்டுவதுபோல் உருண்டது. அந்தக் குரல் கேட்கிறவரை பயமில்லை. பிரசங்கத்தின்போது குரல் நின்றுவிட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று மூன்று தடவை எழுந்தாள், மூன்று தடவையும் உட்கார்ந்தாள். கடைசிப் பாட்டு தொடங்கியபோதுதான் ஊசி பிடரி நனைந்து, கண் சொருகிக் கையில் வந்தாள். தெல்மா கொக்கியை மாட்டிவிட்டு, விழாத குறையாகச் சரிவில் இறங்கினாள்.

வீட்டில் வில்ஃப் உருளைக்கிழங்கு உரித்திருந்தான். அவள் தொப்பியிலிருந்து சொட்டும் தண்ணீரையும், கோட்டுக்குக் கீழே தடித்துச் சிவந்த கணுக்காலையும் பார்த்தான்.

"இன்னைக்குப் பிரசங்கம் எதைப் பத்தி?"

"குடும்பத்தைப் பத்தி."

"ரொம்ப நேரமோ?"

"ஒண்ணே முக்கால் மணி நேரம்."

"ம்" என்றான் வில்ஃப். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் வீக்கம் வற்றத் தொடங்கியது. பத்தாம் நாள் சுத்தமாக இல்லை. அன்று சாயங்காலம் கொட்டகையில் ரம்பச் சத்தம் கேட்டது. வில்ஃப் ஈத்துப் பெட்டி செய்துகொண்டிருந்தான். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை, எப்படி என்று அவனும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் இந்த மாதிரி எத்தனையோ விஷயங்களை இருவரும் பேசாமலே பேசி முடித்திருக்கிறார்கள்.

சினைக்கணக்கு நாற்பத்திரண்டு நாள். அடுப்புக்கு மேலிருந்த நாட்காட்டியில் தெல்மா தேதிகளை எண்ணினாள், எழுதவில்லை. எழுதினால் கண் பட்டுவிடும். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள், முயல் ஈரலை நறுக்கிக் கொடுத்தாள், வாரம் இரண்டு முட்டை. வில்ஃபுக்கு முட்டை இல்லை.

"அவளுக்கு ஈரல், எனக்கு டர்னிப் கிழங்கா?" என்றான் அவன்.

"நீ சினையா இருந்தா உனக்கும் உண்டு."

ஊசியின் வயிறு பெருத்தது. மடி இறங்கியது. மே மாதம் பிறந்ததும் வில்ஃபின் நாக்கில் பூட்டுத் திறந்துகொண்டது. சுவர் கட்டப் போன இடத்தில் மெட்காஃபிடம், "நாலு பெட்டையோட வர்றேன், விசவாயுக்காரனைக் கழுவி ஊத்து" என்றான். இன்னும் இரண்டு பேருக்கு ஆளுக்கொரு குட்டி வாக்குக் கொடுத்துவிட்டான். ஒவ்வொரு வாக்கும் தெல்மாவின் தலையில் ஒரு கல்லாக வந்து உட்கார்ந்தது.

"பொறக்காத குட்டிக்கு ஏன் மனுசா ஊரெல்லாம் சம்பந்தம் பேசுறே?"

"வயித்தைப் பாத்தியா புள்ள? ஏழுக்குக் குறையாது."

முப்பதாம் நாளோ என்னவோ, சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தவன் கரண்டியை வைத்தான். "அந்தக் கடுவனை நான்தான் கொண்டுவந்தேன்" என்றான்.

எந்தக் கடுவன் என்று தெல்மாவுக்குத் தெரியும். ஊசி குவாரிக்குள் இருந்த நாட்களில் ஒரு கண்காட்சியில் சின்ன உடம்பும் கறுத்த முகமுமாக ஒன்றைப் பார்த்து, நார்மன் விற்ற குட்டியின் வாரிசாக இருக்கும், அப்பாவின் இரத்தம்தான் என்று ஆசைப்பட்டு வாங்கி வந்தான். புதிதாக வந்ததை இரண்டு வாரம் தனியே வைக்க வேண்டும். அன்றைக்கே மற்றவற்றோடு விட்டான். ஒரு வார்த்தை தம்பியிடம் கேட்டிருந்தால் அது யார் வாரிசு என்று தெரிந்திருக்கும். அது எந்த இரத்தமோ, நோயைத்தான் கொண்டுவந்தது.

"தெரியும்" என்றாள்.

"பதினொண்ணு தெல்மா."

"சூப்பைக் குடி. ஆறுது."

நாற்பதாம் நாள் ஊசி வயிற்று மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டினாள். காம்பு சிவந்து, அழுத்தினால் ஒரு சொட்டுப் பால் நின்றது. இனிமேல் பெட்டிக்குள் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. அது இந்தத் தொழிலின் பத்துக் கட்டளையில் முதல் கட்டளை. ஈன்ற பெட்டையைத் தொந்தரவு செய்தால் பயத்தில் குட்டிகளைத் தின்றுவிடும். பத்து நாள், வெளியிலிருந்து காதால்தான் பார்க்க வேண்டும். உயிருள்ள குட்டி என்றால் கீச்சென்று சத்தம் வரும்.

சனிக்கிழமை, நாற்பத்தோராம் நாள், சத்தம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் வரவில்லை. இருவரும் கொட்டகையில் கவிழ்த்துப்போட்ட வாளிகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஊசி ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். வயிறு சரிந்திருந்தது.

"போட்டுட்டா" என்றான் வில்ஃப் கிசுகிசுப்பாக.

"போட்டா சத்தம் எங்க?"

"தின்னுட்டாளோ?"

"வாயை மூடு."

"நேத்து நான் அந்தப் பலகையைக் கீழ போட்டேனே, அந்தச் சத்தத்துலயா..."

"வாயை மூடுன்னேன்!"

அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. பதினொன்றோடு இன்னும் ஒரு ஏழையும் அந்த மனுசன் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வான். அதற்கப்புறம் எழுந்திருக்க மாட்டான். அவள் எழுந்தாள். ஊசி வெளியே நிற்கும்போதே சிறு கதவை அடைத்துவிட்டு, முதல் கட்டளையை மீறிப் பெட்டியின் மூடியைத் தூக்கினாள்.

மயிரும் வைக்கோலும் கிண்ணம் மாதிரி அழகாகச் சுற்றியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. இரத்தமில்லை, ஈரமில்லை, ஒரு நகத்துண்டு இல்லை. அந்தக் கூட்டில் எதுவும் பிறந்திருக்கவே இல்லை.

தெல்மா மூடியை இறக்கினாள். கீழே சபையில் பாட்டு தொடங்கியிருந்தது. இன்று அவளும் போகவில்லை. காற்று பாட்டைக் கொண்டுவந்து கொட்டகைக்குள் விட்டது. கேட்டுக்கொண்டிருந்தவளுக்குப் பாட்டில் ஏதோ குறைவதுபோல் இருந்தது. என்னவென்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. அடிக்குரல் இல்லை. நார்மன் பாடவில்லை.

அந்த நேரம் முன்வாசல் கதவு தட்டப்பட்டது.

வில்ஃப்தான் போய்த் திறந்தான். வாசலில் நார்மன். தலையில் தொப்பி இல்லை, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான், நெஞ்சோடு ஒரு பெட்டியை அணைத்திருந்தான். பெட்டிக்குள்ளிருந்து கீச்கீச்சென்று சன்னமான சத்தம். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் சொன்ன சொல் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவன் யார், கதவைத் திறந்தவன் யார் என்று அது பார்த்துக்கொண்டிருந்தது.

"குளிர் அடிக்குது. உள்ள வா" என்றான் வில்ஃப்.

நார்மன் அவனைத் தாண்டி, பின்பக்கக் கொட்டகையில் நின்ற தெல்மாவிடம்தான் வந்தான். "என் பெட்டை நேத்துச் சாயங்காலம் போயிட்டா. ஈன்னு ரெண்டு நாள்தான், ஜன்னி மாதிரி இழுத்துட்டுப் போயிட்டா. ஏழு குட்டி. பாதிரிக்குப் பொறந்தது, ரெண்டு பக்கமும் அப்பாவோட வம்சம். உன் பெட்டைக்குப் பால் இருக்கா?"

"இருக்கு. குட்டிதான் இல்ல. எனக்கு ஒண்ணும் புரியல நார்மன், சேந்துச்சு, நான் பாத்தேன்..."

"பொய்ச்சினை" என்றான் நார்மன், தரையைப் பார்த்து. "வயிறு வரும், பால் வரும், குட்டி வராது. நீ விட்டது பாதிரி கூண்டுல இல்ல. அவன் கூடப்பொறந்தவன். ரெண்டுக்கும் கழுத்துப்பட்டை ஒண்ணுதான். இவனுக்குப் போன வருஷம் டாக்டர்கிட்ட நரம்பை வெட்டிவிட்டேன், பெட்டைங்களைச் சும்மா சூடு இறக்கறதுக்கு. சேருவான், சினை பிடிக்காது. காதுல வெட்டு போட்டிருக்குமே, பாக்கலையா?"

"பாத்தேன்" என்றாள் தெல்மா. பிறகுதான் அடுத்தது உறைத்தது. "நான் வந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"கொக்கி இடது பக்கமா மாட்டியிருந்துச்சு. இந்தப் பள்ளத்தாக்குல இடக்கைக்காரி நீ ஒருத்திதான். அன்னைக்குச் சபையில உன் இடமும் காலி."

"அப்ப அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"நாப்பத்திரெண்டு நாள்! நான் ராத்திரி பகல் தூங்கல, இந்த மனுசன் ஊரெல்லாம் வாக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிறான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த வாரமே மறுபடி கொண்டு வந்திருப்பேனே, பாவி!"

"சொல்லியிருக்கலாம். சொல்லல. அவன் வரட்டும், வந்து கேக்கட்டும்னு இருந்தேன்."

"வந்து கேட்டிருந்தா கதவைத் திறந்திருப்பியா?"

நார்மன் பெட்டியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான். "தெரியல" என்றான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தெல்மா அவனைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. பொய் சொல்லியிருந்தால் தள்ளியிருப்பாள்.

பெட்டிக்குள் சத்தம் சன்னமாகிக்கொண்டே வந்தது. சண்டை போட நேரம் இல்லை.

வில்ஃப் ஊசியை எடுத்து மடியில் வைத்து, முட்டையை உடைத்து நீட்டினான். தெல்மா ஊசியின் கூட்டிலிருந்து வைக்கோலையும் மயிரையும் எடுத்து ஒவ்வொரு குட்டியாகத் தேய்த்தாள், தன் வாசம் என்று ஊசி நம்ப வேண்டும். சுண்டுவிரல் அளவு, கண் திறக்காதவை, சதைத்துணுக்குகள். ஒன்று சில்லிட்டிருந்தது, அதை நார்மன் வாயருகே பிடித்து ஊதி ஊதிச் சூடாக்கினான். ஏழையும் கிண்ணத்தில் அடுக்கி மூடியைச் சாத்தினார்கள்.

"சிலது ஏத்துக்கும். சிலது ஒவ்வொண்ணாக் கடிச்சுப் போட்டுரும்" என்றான் நார்மன்.

"உன்னை யாரும் கேக்கல" என்றாள் தெல்மா.

வில்ஃப் ஊசியை விட்டான். வாயில் முட்டையின் மஞ்சள் ஒட்டியபடியே அவள் பெட்டியின் துவாரத்தில் நின்று மோந்தாள். உடம்பு முழுக்க மயிர் சிலிர்த்தது. உள்ளே போனாள்.

கீச்சுச் சத்தம் ஒரேயடியாக உயர்ந்தது. பிறகு ஒரு குரல் அறுந்தது. இன்னொன்று. மூன்றாவது, நாலாவது. ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் ஒரே ஒரு குரல் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. அதுவும் நின்றுவிட்டது. சபையில் பிரசங்கம் நடக்கும் நேரம் என்பதால் கீழேயிருந்தும் சத்தம் இல்லை. பால் குடிக்கிற குட்டியும் கத்தாது, செத்த குட்டியும் கத்தாது.

வில்ஃபின் கை மூடியை நோக்கிப் போனது. தெல்மா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். நார்மன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

மூன்று பேரும் எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ. ஊசி வெளியே வந்தாள். நேராகத் தண்ணீர்த் தட்டுக்குப் போய், நாலு நாள் குடிக்காதவள் மாதிரி நக்கிக் குடித்தாள். குடித்துவிட்டு, தட்டின் விளிம்பில் முன்கால்களை ஊன்றி எழுந்து இவர்களை ஒருமுறை பார்த்தாள். அடிவயிறு தெரிந்தது. காம்புகளைச் சுற்றி மயிர் நனைந்து, பிரிந்து, வட்டமாகப் படிந்திருந்தது. தரையில் கிடந்த முயல் ஈரலைக் கவ்விக்கொண்டு அவசர அவசரமாக உள்ளே இழுத்துப் போனாள்.

தெல்மா சலவைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்திரண்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. வில்ஃப் அவள் தோளில் கையை வைத்தான். வைக்கத் தெரியாதவன் வைப்பதுபோல் வைத்தான்.

"எத்தனைன்னு சொல்ல முடியாது" என்றான் நார்மன் சுவரிடமே. "ஏழும் இருக்கலாம். மூணு இருக்கலாம்."

"பத்து நாள் போகட்டும்" என்றான் வில்ஃப். மூன்று வருஷத்தில் அண்ணன் தம்பியிடம் நேராகப் பேசிய இரண்டாவது பேச்சு அது.

நார்மன் பொத்தானைச் சரிசெய்துகொண்டான், முடியவில்லை. காலிப் பெட்டியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவுப்பக்கம் போனான்.

"அந்தப் பெட்டியை வச்சுட்டுப் போ" என்றான் வில்ஃப்.

"காலிப் பெட்டி உனக்கு எதுக்கு?"

"எனக்கு எதுக்கு? ஒண்ணுக்கும் இல்ல." வில்ஃப் கீழே குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டத் தொடங்கினான். "நாளைக்கு வந்து எடுத்துக்க."

நார்மன் நின்றான். தெல்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவன் அக்குளிலிருந்து பெட்டியைப் பிடுங்கி அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். "நாலு மணிக்கு டீ" என்றாள். "முட்டை கிடையாது. டர்னிப்தான்."